புற்றுக்குள் ஒரு தோட்டம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையை நம்மவர் அடிக்கடி சொல்வதுண்டு. கருநாகத்தைப் பற்றிப் பேசியவர்கள் அநேகர். புற்றெடுத்த கறையானைப் பற்றிப் பேசலாமென எண்ணினேன். கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரை மனதில் வைத்தே பேசுகிறேன்.

2006 ஆம் ஆண்டு யுத்தத்தில் சம்பூரைவிட்டு ஓடிய மக்கள், 2015 இலும் 2016 இலும் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னரே திரும்பிக் காலூன்ற முடிந்தது. ஏறத்தாழப் பத்து வருடம். ஆளில்லாத வளவில் விழுந்த பனையும் தென்னையும் உக்கிக் கிடந்தால் அது கறையானுக்கு விருந்து. இவ்வாறான மண்ணில் புதிதாக வைத்த தென்னங்கன்று ஒரு கோடைக்குள் வாடிவிடும். இழுத்துப் பார்த்தால், மட்டையும் அடிக்குருத்தும் அரிக்கப்பட்டுக் கையோடு வந்துவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறவனுக்கு ஒரு கன்று சிறிய பொருளல்ல.

இந்தக் கறையான் தின்பதற்காக மட்டும் மரத்தை அரிப்பதில்லை. நம் நாட்டில் பெரும் புற்றெடுக்கும் ஒடன்டோடெர்மிஸ் இனம் ஒரு விவசாயி. காய்ந்த மரத்தையும் சருகையும் மென்று விழுங்கி, அரைகுறையாகச் செரித்த கழிவைக் கொண்டு நிலத்தடியில் கடற்பஞ்சு போன்ற மெதுமெதுப்பான பாத்திகளைக் கட்டுகிறது. அவற்றில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்கிறது. மரத்தின் கடினமான பகுதியைக் கறையானுக்கு உணவாக மாற்றிக் கொடுப்பது இந்தப் பூஞ்சணமே. பாத்தியின் மேற்புறத்தில் புதிய கழிவைச் சேர்ப்பதும், பழுத்த அடிப்புறத்தை உண்பதுமாக வேலை ஓயாது.

தரங்கம்பாடியில் வைத்தியராயிருந்த கோனிக் என்பவர், லின்னேயஸின் மாணவர், 1779 இலேயே இந்தப் பாத்திகளைப் பற்றி எழுதிவிட்டார். தென்னமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் இலைவெட்டி எறும்புகள் பச்சை இலைகளைத் துண்டுதுண்டாகக் கத்தரித்துச் சுமந்து செல்வது உண்பதற்கல்ல, பூஞ்சணம் வளர்ப்பதற்கே என்று தோமஸ் பெல்ட் நிக்கராகுவாவிலிருந்து கண்டு சொன்னது 1874 இல். நம் பக்கத்துக் கறையானின் கதை அதற்குத் தொண்ணூற்றைந்து வருடம் முந்தியது. இதை நாம் ஏன் பாடப்புத்தகங்களில் சொல்வதில்லையோ தெரியவில்லை!

பேராதனைப் பூங்காவில் பணியாற்றிய பெட்ச் 1906 இல் இலங்கைப் புற்றுகளின் பூஞ்சணங்களை விரிவாக ஆராய்ந்து எழுதினார். கறையான்கள் இருக்கும்வரை பாத்தியில் அவற்றின் பயிரே நிற்கும். அவை போய்விட்டால் சைலேரியா என்ற வேறொரு பூஞ்சணம் கருங்குச்சிகளாகக் கிளம்பிவிடும். அது புதிதாக வந்ததல்ல. உள்ளேயே அடங்கிக் கிடந்தது. குடியிருப்பாளர் இல்லாத வளவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இலக்கியக்காரருக்கும் கறையானுக்கும் பழைய கணக்கொன்று உண்டு. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததாகவும், எண்ணெய் விட்டு நீக்கியதில் எஞ்சியவையே நமக்குக் கிடைத்தனவென்றும் மரபு கூறும். நமக்குத் திருமுறையாயிருந்த ஓலை அதற்கு வெறும் எரு.

இனி, கட்டுப்படுத்துவது எப்படி? புற்றின் தலையை வெட்டிச் சாய்த்து மண்ணெண்ணெய் ஊற்றுவது பலருடைய வழக்கம். அதனால் ஆறுதல் கிடைக்கும், பலன் கிடைக்காது. அரசி ஆழத்தில், கட்டியான களிமண் அறையில் இருக்கிறாள். வேலையாட்கள் மேற்கட்டை மீண்டும் கட்டிவிடுவர். அரசியையும் பாத்திகளையும் தோண்டி எடுத்தால்தான் அந்தக் குடி அழியும். முன்னர் ஆல்ட்ரின், டீல்ட்ரின் என்ற நஞ்சுகளைக் குழியில் போட்டார்கள். கறையான் செத்தது, நஞ்சோ அழியாமல் மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் தங்கியது. 2001 இன் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை இரண்டையும் விலக்குப் பட்டியலில் சேர்த்தது. வளவுக் கிணற்றில் தண்ணீர் குடிக்கும் ஊருக்கு அவை என்றுமே ஏற்றவையல்ல. இலைவெட்டி எறும்புகளுக்கு அந்நாடுகளில் தோடம்பழச் சக்கையில் நஞ்சு கலந்து வைக்கிறார்கள். எறும்பே அதைத் தன் தோட்டத்துக்குச் சுமந்து செல்லும். கெட்டித்தனமான முறைதான், ஆனால் அங்கும் நஞ்சு நஞ்சே.

மாரியில் புற்றின் மேல் முளைக்கும் சுவையான காளானைச் சம்பூர்ப் பக்கத்தார் அறிவர். வேர்போன்ற அதன் தண்டைத் தொடர்ந்து தோண்டினால் அது அந்தப் பாத்தியில் போய் முடியும். உயிருள்ள புற்றில்லாமல் அந்தக் காளான் இல்லை. ஆகையால் வளவின் எல்லையில், வீட்டுக்கும் கன்றுக்கும் எட்டத்தில் நிற்கும் புற்றை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

கன்று வைக்கப் போகிறவர்கள் குழி வெட்டுமுன் அண்டையில் உக்கிக் கிடக்கும் குற்றிகளையும் மட்டைகளையும் அகற்றுங்கள். மக்காத சாணத்தையும் வைக்கோலையும் குழியில் இடாதீர்கள். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் தாங்கி உரமாய் நிற்கும் கன்றைவிட வாடிய கன்றையே கறையான் முதலில் தேடி வரும். வாரம் ஒருமுறை அடியைக் கிளறிப் பார்த்து, மண்குழாய் தெரிந்தால் அன்றே உடைத்துவிடுங்கள்.