முப்பத்தொன்றுக்கு முன்

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பிறந்த வீட்டில் எல்லாரும் எண்ணிக்கொண்டிருப்பது 31ஆம் நாளை. அன்று துடக்குக் கழியும், இனசனம் வரும், பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவார்கள். ஆனால் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, அந்த நாள் வருவதற்குள் கண் வைத்திய நிபுணர் ஒருவர் விழித்திரையைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். "துடக்குக் கழியட்டும், பிள்ளை கொஞ்சம் தேறட்டும்" என்பது அன்பால் வரும் பேச்சுத்தான். ஆனால் பிள்ளை தேறிவருகிற அதே வாரங்களில்தான், குறைமாதப் பிள்ளைகளின் விழித்திரையைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும் நோய் முற்றுகிறது.

கருவில் 16ஆம் வாரமளவில் விழித்திரையின் இரத்தக் குழாய்கள் வளரத் தொடங்கும். கிணற்றடியிலிருந்து விட்ட தண்ணீர் தோட்டத்தின் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர்வதுபோல, நடுவிலிருந்து ஓரம்வரை அவை எட்டுவதற்கு ஏறத்தாழ 40ஆம் வாரம் ஆகிவிடும். முன்கூட்டிப் பிறந்த பிள்ளைக்கு அந்த ஓரம் இன்னும் வெறுமையாகவே இருக்கும். மிகையான ஒட்சிசன் பட்டால் வளர்ச்சி நின்றுபோகும். சில வாரங்களின் பின் ஒழுங்கில்லாத புதுக் குழாய்கள் கிளம்பி, விழித்திரையையே இழுத்துக் கழற்றிவிடக்கூடும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. "பிள்ளை வெளிச்சத்தைப் பார்க்குதே" என்ற சாட்சியம் இங்கே செல்லாது. கருவிழியில் வெள்ளை தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

"அப்படியென்றால் ஒட்சிசனைக் குறைத்தால் போதுமே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி, உலகம் அதைச் செய்தும் பார்த்தது. 1942இல் பொஸ்டனில் தியோடர் டெரி இந்த நோயை முதலில் விவரித்தார். 1951இல் மெல்பேணில் கேற் காம்பெல் என்ற பெண் வைத்தியர், ஒட்சிசன் தாராளமாகக் கிடைத்த பிள்ளைகளிடையே பார்வையிழப்பு அதிகம் என்று காட்டினார். சில ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வொன்று அதை உறுதிப்படுத்தியது. உடனே எல்லா இடத்திலும் ஒட்சிசனைக் கடுமையாகக் குறைத்தார்கள். கண்கள் தப்பின, ஆனால் மூச்சுக்குத் திணறிய பிள்ளைகள் பல இறந்துபோயின. அளவோடு கொடுப்பது அவசியம். அதுமட்டும் போதாது என்பதைத்தான் இந்தச் சரித்திரம் சொல்கிறது. உயிரைக் காக்க ஒட்சிசன் வேண்டும், அதனால் கண்ணைக் காக்கப் பரிசோதனையும் வேண்டும்.

அந்தப் பரிசோதனை தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில் 1250 கிராம் எடையோடு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. உயிர் பிழைத்தது, கண்ணைப் பார்க்க வேண்டுமென்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. பார்வை போனது. 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. இன்று இந்திய வழிகாட்டுதல், 2000 கிராமுக்குக் குறைந்த அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளையை 30 நாளுக்குள் பார்க்கச் சொல்கிறது. மிகச் சிறிய பிள்ளைகளை இரண்டு மூன்று வாரத்திலேயே.

இமையை விரித்துப் பிடித்துப் பார்க்கும்போது பிள்ளை வீரிட்டு அழும், உண்மைதான். சில நிமிட அழுகை அது. நோய் கண்டால் லேசர் அல்லது ஊசிமருந்து உண்டு, ஆனால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும்.

இதைவிடப் பாரமான ஆட்சேபம் தூரம். நெடுந்தீவுத் தாய் குறிகட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடித்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்கு வர முடியுமா? கர்நாடகத்தில் 2008 முதல், பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர்கள் கமெராவோடு மாவட்ட மருத்துவமனைகளுக்குப் போய் விழித்திரையைப் படமெடுக்கிறார்கள். நிபுணர் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்கிறார். பிள்ளையை அலைக்கழிப்பதைவிடக் கமெராவை அனுப்புவது மேல். நம் தெல்லிப்பழை, மந்திகை மருத்துவமனைகளுக்கு அது பொருந்தாது என்று நான் நினைக்கவில்லை.

நேரம் முடிகிறது. குறைமாதப் பிள்ளையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது, கண் பார்க்கும் திகதியைக் கொப்பியில் எழுதித்தரக் கேளுங்கள். குடும்பநல மாது வீட்டுக்கு வரும்போது, நிறை பார்ப்பதற்கு முன் அந்தத் திகதியைக் கேட்பார் என்று நம்புகிறேன்.