அப்பாயி இல்லாத வீடும் படிக்கிற பிள்ளையும்

(தோட்ட வாசிகசாலை மண்டபத்தில் பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் நடைபெற்ற கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாக இந்தக் கூட்டங்களில் நாங்கள் போஷாக்கு, குடிதண்ணீர், மலசலகூடம், சேமிப்பு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வேறு ஒன்றைப் பேசப் போகிறேன். ஒரு வீட்டிலே தாத்தாவோ அப்பாயியோ அம்மாயியோ இறந்து போனால், அந்த வீட்டில் இருக்கிற 13, 14, 16 வயசுப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும்?

“வயசானவங்க போறது இயற்கைதானே, இதுலே பேச என்ன இருக்கு?” என்று சிலர் நினைக்கலாம். இயற்கைதான். ஆனால் நம்ம தோட்டத்திலே பிள்ளையை வளர்ப்பது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாய் காலையிலே பிரட்டுக்குப் போய்விடுகிறார். கொழுந்து நிறுத்து முடித்து, விறகும் பொறுக்கிக்கொண்டு வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்து விடுகிறது. சில வீடுகளில் தாய் சவூதியிலோ குவைத்திலோ இருக்கிறார். தகப்பன் கொழும்பிலே கடையில் நிற்கிறார். விடியற்காலையில் பிள்ளையை எழுப்பி, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பள்ளிக்கூடம் அனுப்புவது அப்பாயிதான். பசியோடு திரும்பி வரும்போது இஸ்தோப்பிலே உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டு இருப்பதும் அவர்தான். இரவிலே ஒரே கம்பளிக்குள் படுப்பதும் அவரோடுதான்.

அந்த அப்பாயி இறந்தால் லயத்துக்கு ஒரு வயசான மனுஷி போய்விட்டார். அந்தப் பிள்ளைக்கோ வளர்த்த தாயே போய்விட்டார். இதைத்தான் நாம் முதலில் மனதில் வைக்க வேண்டும்.

சாவு வீட்டிலே பிள்ளையின் இடம்

சாவு வீட்டிலே நடப்பதைப் பாருங்கள். வெள்ளைக் கொடி கட்டுகிறார்கள், தப்பு அடிக்கிறார்கள், மரண உதவிச் சங்கம் பெட்டிக்கும் பந்தலுக்கும் ஒழுங்கு செய்கிறது. கொள்ளி வைக்கிற மகனுக்கு எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். மகள்மாரைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். பேரப்பிள்ளையிடம் என்ன சொல்கிறோம்? “ஓடிப்போய் தண்ணி கொண்டு வா”, “கதிரையை எடுத்துப் போடு”, “வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடு”. இவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கும் ஒரு சாவு நடந்திருக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆனால் நம்முடைய முன்னோர்கள் இதை மறக்கவில்லை. நெய்ப்பந்தம் பிடிப்பது யார்? பேரப்பிள்ளைகள். மகன் கொள்ளிக்கு, பேரப்பிள்ளை பந்தத்துக்கு என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அதை வெறும் சடங்காக அவசர அவசரமாக முடிக்காதீர்கள். “உன்னை வளர்த்தவங்களுக்கு நீ செய்யிற மரியாதை இது” என்று பிள்ளைக்குச் சொல்லிப் பிடிக்க வையுங்கள். பிடிக்கப் பயந்தால் வற்புறுத்த வேண்டாம். ஒரு பூவை எடுத்து வைக்கச் சொல்லலாம்.

வயசு சென்று இறந்தால் “கல்யாணச் சாவு” என்கிறோம். பெரியவர்களுக்கு அது ஆறுதல். ஆனால் 14 வயசுப் பிள்ளை அப்பாயியின் வயசை எண்ணிப் பார்த்துப் பாசம் வைக்கவில்லை. “நல்ல சாவுதானே, ஏன் அழுறே?” என்று கேட்டால், தன் துக்கத்துக்கு இந்த வீட்டிலே மதிப்பில்லை என்றுதான் அது விளங்கிக்கொள்ளும்.

துக்கம் எப்படி வெளியே வரும்?

“அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்பார்கள். அழுகிற பிள்ளையை யாராவது கவனித்து விடுவார்கள். அழாத பிள்ளையைத்தான் நாம் தேடிப் போக வேண்டும். இந்த வயசிலே துக்கம் எப்போதும் கண்ணீராக வருவதில்லை. கோபமாக வரும். தம்பியை அடிப்பான். அடிக்கடி வயிற்று வலி, தலைவலி என்று சொல்வாள். ராத்திரி தூக்கம் வராது. பாடத்திலே மனம் நிற்காது. தவணைப் பரீட்சையில் புள்ளி விழும். சில பிள்ளைகள் ஒரு நேரம் மூலையில் இருந்து அழும், அடுத்த நேரம் கூட்டாளிகளோடு கிரிக்கெட் விளையாடும். “பாரு, அப்பாயி செத்து எட்டு முடியல்லே, இதுக்குச் சிரிப்பு வருது” என்று ஏசுகிறோம்.

ஏசாதீர்கள். மார்கிரட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்று நெதர்லாந்திலே இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999 ஆம் ஆண்டு இதைப் பற்றி ஒரு விளக்கம் எழுதினார்கள். துக்கப்படுகிறவர் ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் போய் வருவார் என்பது அதன் சாரம். ஒரு பக்கம் இழப்பை நினைத்து வருந்துவது, மறுபக்கம் அன்றாட வேலைக்கும் வாழ்க்கைக்கும் திரும்புவது. இரண்டும் வேண்டும். ஒரேயடியாக அழுதுகொண்டே இருக்கவும் முடியாது, ஒரேயடியாக மறந்துவிடவும் முடியாது. ஆகவே விளையாடுகிற பிள்ளை பாசம் இல்லாத பிள்ளை என்று நினைக்க வேண்டாம். அது கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நம்ம வீடுகளிலே இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. பழைய லயத்திலே ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு. பெட்டி வைத்திருந்த இடத்திலேதான் பிள்ளை படிக்க வேண்டும், அங்கேதான் படுக்க வேண்டும். சில பிள்ளைகள் பயப்படும். பயத்தைப் பார்த்துச் சிரிக்காமல், கொஞ்ச நாளைக்குத் தாயோ அக்காவோ பக்கத்திலே படுங்கள். படுக்கிற இடத்தை மாற்றிப் போடுங்கள். இறந்தவருடைய சாமான்களை எரிக்கவோ கொடுத்துவிடவோ முன்னே, “உனக்கு ஏதாவது வேணுமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு சேலையோ, வெற்றிலை இடிக்கிற உரலோ, மூக்குக்கண்ணாடியோ அந்தப் பிள்ளைக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

சொல்லக் கூடாததும் சொல்ல வேண்டியதும்

“நீ ஆம்பிளைப் பிள்ளை, அழாதே” என்று சொல்லாதீர்கள். “நீதான் மூத்தவள், நீ அழுதா தங்கச்சிமார் அழுவாங்க” என்று சொல்லாதீர்கள். சாவு வீட்டிலே பையன்களுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்து “குடிச்சா கவலை போகும்” என்று சொல்கிற மாமன்மார் இருக்கிறார்கள். கவலை போகாது, குடிப் பழக்கம் மட்டும் வந்து சேரும். அதைத் தடுப்பது தோட்டத் தலைவர்மாரின் பொறுப்பும்தான்.

மறைப்பதும் வேண்டாம். ஆஸ்பத்திரியிலே இறந்த தாத்தாவை “நல்லா இருக்கார், நாளைக்கு வருவார்” என்று சொல்லிப் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பினால், பிறகு எந்த வார்த்தையையும் அது நம்பாது. பக்கத்திலே உட்கார்ந்து, நேராக, மெதுவாக உண்மையைச் சொல்லுங்கள். வெளிநாட்டிலே இருக்கிற தாய், போனில் கூப்பிடும்போது செலவு, சடங்கு என்று மட்டும் பேசாமல், பிள்ளையோடும் தனியாகப் பத்து நிமிஷம் பேசட்டும். ஒன்றும் பேசத் தெரியாவிட்டால் சேர்ந்து அழுதாலும் போதும்.

இன்னொன்று மிக முக்கியம். பல பிள்ளைகள் மனதுக்குள் ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டு திரிகின்றன. “முதல்நாள் அப்பாயியை ஏசினேன்”, “மருந்து எடுக்கப் போகச் சொன்னாங்க, நான் போகல்லே”, “அதனாலேதான் செத்துட்டாங்க”. இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நாமே கேட்க வேண்டும். மாரடைப்பு, பாரிசவாதம், சீனி வருத்தம் எல்லாம் ஒரு நாளிலே வருவதில்லை. வருஷக்கணக்காக உடம்புக்குள்ளே வளர்ந்து வருபவை. பேரப்பிள்ளை பேசிய ஒரு கடும் வார்த்தையால் யாருக்கும் அந்த வருத்தம் வராது. நம்ம மருந்துச்சாலையில் இருக்கிற டாக்டர் ஐயாவிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், என்ன வருத்தத்தால் இறந்தார் என்று விளக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். நாம் நூறு தரம் சொல்வதைவிட அது பலன் தரும்.

பள்ளிக்கூடத்தை விட வைக்காதீர்கள்

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கூட்டத்தைக் கூட்டினோம். அப்பாயி இறந்தால் அவர் செய்த வேலை யார் தலையிலே விழுகிறது? வீட்டு மூத்த பெண்பிள்ளையின் தலையிலே. சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஆக்கிப் போட ஆள் இல்லை. “கொஞ்ச நாளைக்கு நில்லு” என்கிறோம். அந்தக் கொஞ்ச நாள் ஒரு தவணையாகிறது, ஒரு வருஷமாகிறது. ஜி. சி. ஈ. சாதாரண தரம் எழுத வேண்டிய பிள்ளை அடுப்படியிலே நிற்கிறது. ஒரே நேரத்தில் அந்தப் பிள்ளை அப்பாயியையும் இழக்கிறது, ஆசிரியர்களையும் கூட்டாளிகளையும் இழக்கிறது. துக்கத்தை மறக்க உதவுகிற இடமே பள்ளிக்கூடம்தான், அதையும் நாம் பிடுங்கி விடுகிறோம்.

நம் நாட்டுச் சட்டப்படி 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். 14 என்று இருந்ததை 2016 ஆம் ஆண்டிலே 16 ஆக உயர்த்தினார்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இறந்துபோன அப்பாயி தன் காலத்தில் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரல் வைத்துச் சம்பளம் வாங்கியவராக இருக்கலாம். பேத்தி படிக்க வேண்டும் என்றுதானே விடியற்காலையில் எழும்பி ரொட்டி சுட்டார்? அவருக்குச் செய்கிற பெரிய திவசம் அந்தப் படிப்பை நிறுத்தாமல் இருப்பதுதான்.

என்ன செய்யலாம்? சின்னப் பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்திலே விடலாம். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார். வீட்டு வேலையைத் தகப்பன், அண்ணன், தம்பி எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆண்பிள்ளை அரிசி கழுவினால் கை தேய்ந்து விடாது. கருமாதி வரைக்கும் பக்கத்துக் காம்பராக்காரர்கள் முறை வைத்துச் சமைத்துக் கொடுக்கலாம். சாவு நடந்த வாரத்திலேயே வகுப்பாசிரியருக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதி அனுப்புங்கள். “இந்தப் பிள்ளையை வளர்த்த பாட்டி இறந்து விட்டார், கொஞ்சம் கவனித்துக் கொள்ளுங்கள்” என்று இரண்டு வரி போதும். எழுத முடியாதவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

தம்பி தங்கச்சிமாருக்கு

பின்வரிசையில் இருக்கிற உங்களோடும் கொஞ்சம் பேச வேண்டும். அழுகை வந்தால் அழுங்கள். வராவிட்டால் அதற்காக வெட்கப்படவும் வேண்டாம். சாப்பாட்டையும் தூக்கத்தையும் விடாதீர்கள். மனசுக்குப் பிடித்த ஒருவரிடம், அது கூட்டாளியாக இருந்தாலும் ஆசிரியையாக இருந்தாலும் சரி, அப்பாயியைப் பற்றிப் பேசுங்கள். முதல் தீபாவளி, முதல் பொங்கல், பரீட்சை முடிவு வருகிற நாள், இவையெல்லாம் கஷ்டமாக இருக்கும். அது நீங்கள் பலவீனமானவர் என்பதாலே அல்ல. அன்றைக்கு அவருக்குப் பிடித்த பலகாரத்தைச் செய்து ஒரு விளக்கு ஏற்றுங்கள்.

ஒரு அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். அவர் சொன்ன கதைகளை எழுதி வையுங்கள். 1964 ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அண்ணன் தம்பிமார் தலைமன்னார் வழியாகக் கப்பல் ஏறிப் போனதை, 1970களில் தோட்டத்திலே பஞ்சம் வந்து மரவள்ளிக் கிழங்கும் கீரையும் தின்று உயிர் பிழைத்ததை, 1983 இலே பயந்து ஒளிந்ததை, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலே பிரஜாவுரிமை கிடைத்ததை எல்லாம் சொல்லியிருப்பார்கள். இந்தியாவிலே கூடப் பிறந்தவர் செத்த செய்தி கடிதத்திலே வந்து, போய் முகம் பார்க்க முடியாமல் இங்கேயே இருந்து அழுதவர்கள் அவர்கள். துக்கத்தைத் தாங்கி எழும்பி அடுத்த நாள் மலைக்குப் போனவர்கள். அந்தக் கதை உங்களுக்கு ஒரு தெம்பு. தாத்தா பாட்டி இன்னும் உயிரோடு இருக்கிற பிள்ளைகள் இன்றைக்கே போய்க் கேட்டு எழுதுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

பெரும்பாலான பிள்ளைகள் காலப்போக்கிலே தாமாகத் தேறி வருவார்கள். ஆனால் வாரக்கணக்காகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால், “நானும் அப்பாயிகிட்டே போறேன்” என்று சொன்னால், தன் சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். “சாகணும்னு நினைக்கிறியா?” என்று அன்பாக, நேராகவே கேளுங்கள். கேட்பதாலே அந்த எண்ணம் வராது. கேட்டால்தான் மனசைத் திறந்து சொல்லுவார்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மரக்கறித் தோட்டம் செய்கிறவர்கள் பூச்சி மருந்துப் போத்தலைப் பூட்டி வையுங்கள். உடனே டாக்டர் ஐயாவிடமோ குடும்பநல மருத்துவமாதுவிடமோ சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளிலே மனநல கிளினிக் இருக்கிறது. அங்கே போவது பைத்தியம் என்பதற்கு அடையாளம் இல்லை, காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது மாதிரித்தான். போனிலே 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம். சிறுவர்களுக்கு 1929 என்ற இலக்கமும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது உங்கள் லயத்திலே இந்த வருஷம் சாவு நடந்த வீடு எது என்று நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டிலே படிக்கிற பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “அப்பாயி நினைவு வருதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லும் வரைக்கும் பொறுமையாக நில்லுங்கள்.