வீட்டிலிருந்தே ஆராய்ச்சி, எழுத்து வேலை – விண்ணப்பிப்பது எப்படி?

(நம் சங்கத்தின் மகளிர் கூட்டம் ஒன்றில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு எழுதித்தான் பழக்கம், பேசிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். சென்ற கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது, நம் உறுப்பினர் ஒருவரின் மாட்டுப்பெண் என்னிடம் வந்தாள். "மாமி, ஆத்துலேர்ந்தே எழுதற வேலை ஒண்ணு கிடைச்சிருக்கு. நாலாயிரம் ரூபாய் டெபாசிட் கட்டச் சொல்றா. கட்டலாமா?" என்று கேட்டாள். "கட்டாதே" என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று விளக்க அப்போது நேரமில்லை. இன்று தலைவர் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். என் அப்பாவும் சரி, பிறகு என் ஆத்துக்காரரும் சரி, சுரங்கக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 120 வருஷம் அந்த ஊருக்குச் சோறு போட்டது சுரங்கம்தான். எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த இடம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள்.

அப்போது என் பையனுக்கு ஒன்பது வயது. மாமியார் படுத்த படுக்கை. ஊரில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். நூறு கிலோமீட்டர், போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வர அதே அளவு. என் ஆத்துக்காரரும் அப்படித்தான் போனார். மாமியாரை விட்டுவிட்டு நான் எங்கே போவது? சரித்திரத்தில் பி.ஏ. படித்திருந்தேன், டைப்ரைட்டிங் தெரியும். வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாமே என்று விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

"வீட்டிலிருந்தே மாதம் பதினைந்தாயிரம்" என்று ஒன்று வந்தது. பெயரை விட்டுவிடுகிறேன். ஐயாயிரம் ரூபாய் டெபாசிட். ஒரு சி.டி. கொடுத்தார்கள். அதிலிருந்த பக்கங்களைப் பார்த்து டைப் செய்து தர வேண்டும். தொண்ணூற்றெட்டு சதவீதம் பிழையில்லாமல் இருந்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கு வைத்து உட்கார்ந்து இருபத்திரண்டு நாள் டைப் செய்தேன். "பிழை அதிகம், பணம் கிடையாது" என்று பதில் வந்தது. எது பிழை என்று கேட்டால் சொல்லவில்லை. டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டதற்கு, ஒப்பந்தத்தை மீறியதாக என் மேலேயே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள்! வேலை போன வீட்டில் ஐயாயிரம் ரூபாய் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மாமியாருக்கு மூன்று மாத மருந்து. ஆத்துக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

என் அப்பா தங்கத்தைப் பரிசோதிக்கும் அஸே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். அவரிடம் அழுதேன். அவர் சொன்னார்: "ஏண்டி, வேலை பார்க்கறவா கையிலேர்ந்து மொதல்லயே பணம் வாங்கறான்னா, அவன் வியாபாரமே அந்தப் பணம்தான். உன் டைப்பிங்கை வெச்சுண்டு அவன் என்ன பண்ணப்போறான்? அதை யாருக்கு விக்கறான்னு கேட்டியோ?" நான் கேட்கவே இல்லை. இன்றைக்கும் நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் கேள்வி அதுதான். நாம் எழுதுவதை யார் படிக்கப்போகிறார்கள், யார் காசு கொடுத்து வாங்கப்போகிறார்கள்? இதற்கு நேரான பதில் வராவிட்டால் அந்த வேலை வேண்டாம்.

இன்னொன்றும் அப்பா சொன்னார். சுரங்கத்தின் எந்த இடத்தில் தங்கம் இருக்கிறது என்று மேஸ்திரி எவ்வளவு வர்ணித்தாலும் அஸே ஆபீஸில் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்களாம். கல்லில் ஒரு பிடி எடுத்துப் பொடி செய்து, ஈயத்தோடு சேர்த்து உருக்கி, எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்துக் காய்ச்சுவார்கள். ஈயமெல்லாம் கிண்ணத்துக்குள் ஊறிப்போகும். மிஞ்சுகிற மணியை அமிலத்தில் போட்டு வெள்ளியை நீக்கித் தராசில் வைத்தால் தங்கத்தின் கணக்கு வந்துவிடும். "நீயும் உன்னைப் பத்திப் பெருமையா லெட்டர் போடாதே. ஒரு பிடி சாம்பிள் அனுப்பு" என்றார்.

அப்படியே செய்தேன். பெங்களூரில் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கான பொது அறிவுப் புத்தகங்கள் போட்டுக்கொண்டிருந்தார். கர்நாடக ஊர்களைப் பற்றித் தகவல் திரட்டி எழுத ஆள் தேவை என்று பேப்பரில் பார்த்தேன். பயோடேட்டா அரைப் பக்கம். அதோடு, எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்த கதையை இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. ஒரே வரி. "இந்தியாவிலேயே முதன்முதலில் மின்விளக்கு எரிந்த ஊர் தங்கவயல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 1897-ல் டார்ஜீலிங்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும், நாட்டிலேயே முதலில் கரண்ட் வந்தது எங்களுக்குத்தான் என்று சொல்லும். நானும் அதையே கேட்டு வளர்ந்தவள். சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மறுநாள் மாமியாரைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரயிலேறி, கப்பன் பார்க்கில் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் இருக்கும் நூலகத்துக்குப் போனேன். டார்ஜீலிங் பக்கத்தில் சித்ராபோங் என்ற இடத்தில் 1897 நவம்பரிலேயே நீர்மின் நிலையம் ஓடியிருக்கிறது. கல்கத்தாவில் 1899-ல் மின்சாரம் வந்துவிட்டது. எங்களுடையது 1902.

ஆனால் உண்மைக் கதை ஒன்றும் சோடை போகவில்லை. சிவசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி வந்து சுரங்கத்தை இயக்கியது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூர் நகரத்துக்கே 1905-ல்தான் விளக்கு வந்தது. இந்தத் திட்டத்துக்குப் பாடுபட்ட மைசூர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் 1901-ல் காலமாகிவிட்டார். கரண்ட் வந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் பெயரால் கட்டிய மண்டபத்தில் உட்கார்ந்தே இதையெல்லாம் குறிப்பெடுத்தேன்.

"நான் எழுதியது தவறு. சரியானது இது. இன்ன புத்தகம், இன்ன பக்கம்" என்று திருத்தி அனுப்பினேன். வேலை கிடைக்காது என்றே நினைத்தேன். கிடைத்தது! பிற்பாடு அவர் சொன்னார்: "தப்பு எல்லோரும் பண்றா. நான் கேட்டதும் சால்ஜாப்பு சொல்லாம பக்க எண்ணோட திருத்தி அனுப்பினது நீங்க ஒருத்தர்தான்." முதல் காசோலை 1,800 ரூபாய். அவருக்கு ஒன்பது வருஷம் எழுதினேன். அவர் மூலமாகத்தான் மற்றவர்களும் வந்தார்கள்.

ஆகவே, இந்த வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் நம் பெண்களுக்கும், ரிடையரான மாமாக்களுக்கும் என் அனுபவத்தில் சில யோசனைகள்.

முதலாவது, உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த விஷயத்தில் இரண்டு பக்க மாதிரி ஒன்று தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாங்கில் முப்பது வருஷம் இருந்தவர் பாங்கைப் பற்றி எழுதலாம். சங்கீதம் தெரிந்தவர் சங்கீதத்தைப் பற்றி எழுதலாம். ஒவ்வொரு வருஷத்துக்கும், ஒவ்வொரு எண்ணுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தனித் தாளில் குறித்து வையுங்கள். கேட்டால் உடனே காட்ட வேண்டும்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்கு ஜேம்ஸ் மர்ரே 1879-ல் பொதுமக்களிடம் உதவி கேட்டார். வீட்டிலிருந்தே புத்தகம் படித்து, சொல், அது வரும் வாக்கியம், நூலின் பெயர், வருஷம், பக்கம் எல்லாம் ஒரு சீட்டில் எழுதி அனுப்பச் சொன்னார். மிக அதிகமாக உதவியவர்களில் ஒருவரான டாக்டர் மைனர் மனநோய் உள்ள குற்றவாளிகளின் மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். சீட்டு சரியாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். நம் விலாசமும் வயசும் ஒரு தடையே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது, மாதிரி கேட்பது நியாயம். ஆனால் "பரீட்சை" என்று சொல்லி முழுக் கட்டுரையை இலவசமாக வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. முந்நூறு, நானூறு வார்த்தைக்கு மேல் கேட்டால் கட்டணம் சொல்லுங்கள்.

மூன்றாவது, டெபாசிட், பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் எதுவும் கட்டாதீர்கள். அப்வொர்க் போன்ற பெரிய தளங்களில் விண்ணப்பிக்கச் சிறு தொகையும், கிடைத்த வருமானத்தில் கமிஷனும் எடுப்பார்கள். அது வேறு. ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்பது வேறு. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு. மிரட்டல் நோட்டீஸ் வந்தால் பயந்துபோய் மேலும் பணம் அனுப்ப வேண்டாம். நம் உறுப்பினர்களில் வக்கீல்கள் இருக்கிறார்கள், காட்டுங்கள்.

நான்காவது, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை வார்த்தை, என்ன தொகை, எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், பணம் எப்போது வரும் என்பதெல்லாம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதினால் பொதுவாக உரிமை முதலாளிக்கு. வெளியிலிருந்து எழுதித் தந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமை எழுதியவருக்கே. அந்த உரிமையைக் கைமாற்ற எழுத்தில், கையெழுத்தோடு ஒப்பந்தம் வேண்டும். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். வருமான வரி விஷயத்தில், ஒரே நிறுவனத்திலிருந்து வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் வந்தால் பொதுவாக 10 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000. ரிடர்ன் தாக்கல் செய்தால் அதிகம் பிடித்தது திரும்பி வரும். பான் எண் கட்டாயம் வேண்டும்.

ஐந்தாவது, கொஞ்சம் கசப்பான விஷயம். "ஆராய்ச்சி எழுத்து" என்று வரும் வேலைகளில் சில, மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதித் தரும் வேலை. நல்ல பணம். பையன் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாமல் இருந்தபோது எனக்கும் ஒன்று வந்தது. ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒருவர் டாக்டர் பட்டத்துக்கு நான் எழுதிக் கொடுத்தால், அந்தப் பட்டத்தை நம்பி அவரிடம் படிக்கப்போகும் பிள்ளைகளை ஏமாற்றுவது நான்தானே? மாட்டேன் என்று சொன்னேன். பையன் ஃபீஸுக்கு வளையலை அடகு வைத்தோம். இப்போது பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதிமுறை கொண்டுவந்து, காப்பியடித்த ஆய்வேடு பிடிபட்டால் பதிவே ரத்தாகும் அளவுக்குப் போயிருக்கிறது. விதி இல்லாத காலத்திலும் அது தப்புதான்.

"இனிமே கம்ப்யூட்டரே எழுதிடும், மனுஷா எதுக்கு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு சாதாரண எழுத்து வேலை எனக்கும் குறைந்தது, மறைக்கவில்லை. ஆனால் அது இல்லாத புத்தகத்தையும் இல்லாத தீர்ப்பையும் இருப்பது போலவே எழுதிக் கொடுத்துவிடும். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் அப்படிப் பொய்த் தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதம் கட்டும்படி ஆனது. இப்போது எனக்கு வரும் வேலையில் பெரும்பாலும், யாரோ எழுதியதைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான். அன்றைக்கு ஒரு வரியில் என்னைக் கேட்டாரே, அதே கேள்வியை இன்று நான் கேட்டுச் சம்பாதிக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பத்திரிகை பல ஊர்களுக்குப் போகிறது. பதிப்பகம், ஆடிட் ஆபீஸ், பள்ளிக்கூடம் நடத்தும் நம்மவர்கள் இருப்பீர்கள். மாமியாரையோ குழந்தையையோ விட்டுவிட்டு வெளியே வர முடியாத ஒரு பெண் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினால், தயவுசெய்து படித்துப் பாருங்கள். தப்பிருந்தால் எது தப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்கு ஒருவர் எழுதினார். நான் பிழைத்துக்கொண்டேன்.

அந்த மாட்டுப்பெண் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா, அந்த நாலாயிரத்தைக் கையிலேயே வைத்துக்கொள். உன் பிறந்த ஊரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வா. நான் படித்துப் பார்க்கிறேன்.