செய்தியும் ஓர் உதவியே
(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இடருற்றோர்க்கு உதவி என்றதும் சோறும் துணியும் நம் நினைவில் எழுகின்றன. அவற்றோடு செய்தியும் வேண்டும்.

1859இல் சோல்பரினோப் போர்க்களத்தில் காயமுற்றோர் துயர்கண்ட ஹென்றி டூனாண்டின் முயற்சியால் 1863இல் செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது. 1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது, அவ்வியக்கம் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு நிலையம் அமைத்து, காயமுற்ற, சிறைப்பட்ட படைவீரரின் நிலையை அவர்தம் குடும்பத்தார்க்கு அறிவித்தது. "மகன் உயிரோடிருக்கிறான்" என்னும் ஒரு வரி தாய்க்கு உணவினும் பெரிதன்றோ?

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையோரங்களைப் பாழாக்கியபோது, உற்றாரைத் தேடி முகாம் முகாமாக அலைந்தோர் பலர். அவர்கள் முதலில் கேட்டது பெயர்ப்பட்டியலையே.

ஆகவே இளைஞர்களே, மாரிகாலத்திற்கு முன்பே உங்கள் ஒழுங்கையிலுள்ள முதியோர், நோயாளர், கர்ப்பிணிகள், குழந்தைகளின் பெயர்களை எழுதி, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுங்கள். ஆபத்து நேர்ந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் இலக்கத்தில் அழைத்து, இடம், ஆட்தொகை, தேவை ஆகிய மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். தெளிவற்ற செய்தியால் மீட்க வரும் வள்ளமும் வழிதவறும். சாதியும் சமயமும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டா.

பெரியோர்களே, இப்பணிக்கு உங்கள் ஆசியை வேண்டி அமர்கின்றேன்.