கோலம் போட்ட பிள்ளைக்குக் கூலி

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, முன்வரிசையில் இடம் கிடைக்காத கோபத்தில் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதைவிடப் பெரியோர்களே! ஜெராமிலிருந்தும் ஈஜோக்கிலிருந்தும் புக்கிட் ரோத்தானிலிருந்தும், அந்தக் கோடியில் சபாக் பெர்ணத்திலிருந்தும் வேன் பிடித்து வந்திருக்கும் என் தாய்மார்களே!

எனக்குப் பத்து நிமிடம் என்றார்கள். எனக்கு முன்னால் பேசியவருக்கும் பத்து நிமிடம்தான் என்றார்கள். நீங்கள் சிரிக்கிற சிரிப்பே போதும், நான் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

தலைப்பு, 'இளங்கலைஞர்களும் நம் சமுதாயமும்'. சமுதாயம் எங்கேயும் ஓடிவிடாது, அப்புறம் பார்ப்போம். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலையிலேயே நாலு பேர் போன் போடுவார்கள்: "தங்கச்சி, நம்ம கோயில் திருவிழாவுக்கு ஒரு பேனர், சும்மா வரைஞ்சி குடும்மா." அந்தச் 'சும்மா'வில் எத்தனை கலைஞர்களைப் புதைத்திருக்கிறோம் தெரியுமா?

அந்தப் பிள்ளை தோட்டத்தில் பிறந்தது. பாட்டி பால்மரம் வெட்டியவர். அம்மா செம்பனைக்கு உரம் போட்டவர். பிள்ளை தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. விடியும் முன்னே பசியாறிவிட்டு மோட்டாரை எடுத்தால், இருட்டின பிறகுதான் வீடு. குளித்து, சாப்பிட்டு, தம்பி பள்ளிப்பாடத்தைப் பார்த்து, எல்லாரும் படுத்த பிறகு சமையல்கட்டு மேசையைத் துடைத்துவிட்டு வரைய உட்காரும். பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம். பாட்டியின் கையை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்து வைத்திருக்கிறது. உளி பிடித்த கை, மங்கில் பால் வழிக்கிற கை, காண்டா வாளியைத் தோளில் தூக்கி வைக்கிற கை. முகமே இல்லை. "ஏம்மா முகம் போடல?" என்று கேட்டேன். "பாட்டி அஞ்சு மணிக்கே பெரட்டுக்குப் போயிடும். இருட்டுல நான் முகத்த எங்க பார்த்தேன்?" என்றது.

தட்டுங்கள், தட்டுங்கள். அந்தப் பிள்ளை இங்கேதான் எங்கேயோ நிற்கிறது. கேட்கட்டும்.

இப்போது ஒரு கதை. 1905இல் ஒரு பிரெஞ்சு வாலிபன் மலாயாவுக்குக் கப்பல் ஏறி வந்தான். பெயர் ஹென்ரி ஃபோக்கோனியே. எதற்கு வந்தான்? ரப்பரில் பணம் சம்பாதிக்க. பணம் எதற்கு? உட்கார்ந்து எழுதுவதற்கு! எழுத்தாளன் ஆகவேண்டும், அதற்கு ஓய்வு வேண்டும், ஓய்வுக்குக் காசு வேண்டும். எப்படி இருக்கிறது கணக்கு? நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டான். 1917இல், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில், இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டதும் அதே துரைதான். இன்றைக்கு நாடு முழுக்க நிற்கிற செம்பனைக்கெல்லாம் பிள்ளையார் சுழி நம் ஊரில் போட்டது! பணம் சேர்ந்தது. துரை துனீசியாவில் போய் அமைதியாக உட்கார்ந்து, 'மலேஸி' என்று நாவல் எழுதினார். 1930இல் அதற்குக் கோன்கூர் விருது. பிரான்சில் அதற்கு மேல் இலக்கிய விருது கிடையாது.

பாருங்கள், அவன் இவன் என்று ஆரம்பித்தவன் நான், விருது என்றதும் 'எழுதினார்' போட்டுவிட்டேன். நம் ரத்தத்தில் அப்படி ஊறியிருக்கிறது!

அந்தத் துரை மேல் எனக்குப் பகை இல்லை. நல்ல எழுத்தாளர். நாவலில் நம் ஆட்களும் வருகிறார்கள். ஆனால் அந்த ஓய்வை அவருக்கு வாங்கிக்கொடுத்தது யார்? காடு வெட்டியவன், குழி தோண்டியவன், கன்று சுமந்தவன். நம் பாட்டன். அந்தப் பாட்டனின் பேத்திக்கு இன்றைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் கிடைக்கிறதா, கொட்டாவி இல்லாமல் பென்சில் பிடிக்க? என் வழக்கே இதுதான். திறமை இல்லை என்று யாரும் அழவேண்டாம். திறமை தோட்டத்துக்குத் தோட்டம் கொட்டிக் கிடக்கிறது. நேரத்தைத்தான் எவரும் அந்தப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரவில்லை.

பின்னால் ஒரு தம்பி "ஜகாட்!" என்று கத்துகிறார். வருகிறேன் தம்பி, அங்கேதான் வருகிறேன். 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த படம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், 1990களின் தொடக்கம், பன்னிரண்டு வயது அப்போய். என்ன கற்பனை அந்தப் பையனுக்கு! பள்ளிக்கூடம் ஒரு பக்கம் அடிக்கிறது, அப்பா ஒரு பக்கம் அடிக்கிறார். அப்பா கெட்டவரா? இல்லை. படித்தால்தான் தப்பித்துக்கொள்வான் என்கிற பயம் கலந்த பாசம். இங்கே எத்தனை அப்பாக்கள் தலையைக் குனிகிறீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்! அந்தப் படத்தை 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் முதலில் எங்கே வைத்தார்கள்? தேசிய மொழி அல்லாத படங்கள் என்று தனிப்பிரிவில். இந்த மண்ணில் பிறந்த கதைக்குத் தனிப் பந்தி! மலாய்க் கலைஞர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அதை மறக்கக்கூடாது. சட்டதிட்டம் மாறியது. சிறந்த மலேசியப் படம் எது? 'ஜகாட்'!

இதற்குத் தட்டுகிறீர்களே, அது தியேட்டரில் ஓடியபோது எத்தனை பேர் டிக்கெட் வாங்கினீர்கள்? கை குறைகிறது பாருங்கள்.

சரி, அடுத்தவனைச் சொல்வானேன். நம் ஆட்களே தனிப் பந்தி போடுகிறார்கள். ஒரு சங்கம் இருக்கிறது. எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள், நீங்கள் நினைக்கிற அதே சங்கம்தான். 'இளையோர் எழுச்சி விழா' நடத்தினார்கள். சென்னையிலிருந்து ஒரு நட்சத்திரத்துக்கு விமான டிக்கெட், ஹோட்டல் அறை, ஆளுயர மாலை. மேடைப் பின்திரையை மூன்று ராத்திரி கண்விழித்து வரைந்தது யார்? நான் சொன்ன அதே பிள்ளை. கிடைத்தது என்ன? ஒரு பிரியாணிப் பொட்டலம், ஒரு நற்சான்றிதழ். அதிலும் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள்! எழுச்சி பெறவேண்டிய இளையோர் எங்கே? பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். இளைஞர்கள் முன்வரவேண்டுமாம். எப்படி வருவது? வழியில் முழுக்க நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே ஐயா!

செயலாளர் சீட்டு நீட்டுகிறார். நேரம் முடிந்துவிட்டதாம். இரண்டே நிமிடம்.

அந்தப் பிள்ளைக்கு வரைந்து காசு கிடைப்பது வருடத்தில் ஒரு மாதம்தான். தீபாவளி. பேரங்காடியில் வண்ண அரிசிக் கோலம். இரவு கடை மூடினபின் நுழைந்து, விடிய விடிய முட்டிபோட்டு, சாயம் தோய்த்த அரிசியில் மயில் வரையும். காலையில் அதைச் சுற்றி நின்று நாம் படம் எடுத்துக்கொள்வோம். போட்டது யார் என்று கேட்பதில்லை. ஆனால் அந்தப் பேரங்காடி நிர்வாகம் பேசின வெள்ளியைப் பேசின நாளில் கொடுத்துவிடுகிறது. தமிழ்க் கோலத்துக்குத் தமிழர் மண்டபத்தில் சும்மா, பேரங்காடியில் கூலி! இது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

அதனால் நான் நிதி திரட்டச் சொல்லவில்லை, அறக்கட்டளை வைக்கச் சொல்லவில்லை. இந்த மண்டபம் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும்தான் திறக்கிறது, மற்ற நாளெல்லாம் பூட்டு. தலைவரே, சனிக்கிழமை சாயங்காலம் சாவியை இந்தப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெரிய மேசை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, விசிறி இருக்கிறது. வரையட்டும், எழுதட்டும், படம் எடுக்கட்டும், சும்மாகூட உட்கார்ந்திருக்கட்டும். தாய்மார்களே, உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோலம் போடவோ மருதாணி வைக்கவோ நம் பிள்ளைகளைக் கூப்பிடும்போது விலை கேளுங்கள். கேட்ட விலையில் பாதியை முன்பணமாகக் கொடுங்கள். மீதியை அந்தப் பிள்ளை மோட்டாரைக் கிளப்புவதற்கு முன்னால் கையில் கொடுத்துவிடுங்கள்.