முகாமிலிருந்து வரும் மாணவர்



பரமத்தி, குருக்குப்பட்டி ஈழத்தமிழர் முகாம்களின் பிள்ளைகள் நம் வட்டாரக் கல்லூரிகளில் பயில்கின்றனர். பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர். கடலையே கண்டிராதவரும் உண்டு. ஆயினும் பெற்றோர் ஆவணமின்றி வந்தவராதலின், 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி இவர்கட்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. 2021இல் முகாம்கள் 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் பெற்றன. 2025இல், பதிவுபெற்ற ஏதிலியர்க்குத் தண்டனை விலக்கும் கிடைத்தது. குடியுரிமை மட்டும் கிடைக்கவில்லை.

இறுதியாண்டு நெருங்க நெருங்க இவர்களிடம் பேச்சுக் குறைந்துவிடுகிறது. அதைச் சோம்பல் என்று கொள்ளும் ஆசிரியரும் உளர். திரு. சந்திரகாசன் 1984இல் தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் வாழ்வோரையே ஆற்றுப்படுத்தும் பணிக்குப் பயிற்றுவித்தது. அதுவே தக்க வழி என்பேன். தன்னையொத்தவரிடம் 'அச்சமாக இருக்கிறது' என்று சொல்ல முன்கதை வேண்டியதில்லை. நம்மிடம் சொல்வதானால் 1983 முதல் விளக்க வேண்டியிருக்கிறதே!

எனவே, அவர்களுக்காக நாம் பேச வேண்டா. அவர்கள் தமக்குள் கூடிப் பேச, மாதம் ஒருமுறை நம் வட்டத்தின் அறையைத் திறந்து வைப்போம். அழைத்தால் மட்டும் உள்ளே செல்வோம். போர்க்கவிதை கேட்டு நச்சரிக்கவும் வேண்டா. தேர்வையும் காதலையும் அவர்கள் எழுதட்டும்.

செயலாளர் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்: முகாமில் தணிக்கை நடக்கும் நாளில் கூட்டம் வைக்கலாகாது. அன்று ஆள் இல்லையெனில் உதவித்தொகை நின்றுபோகக்கூடும்.