மோட்டார் வண்டியும் மூன்று பத்திரங்களும்



தில்லியில் வாழும் தமிழர் புதிய கார் வாங்கினால், இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்கு அதைக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். அதற்கு அடுத்தபடியாகப் பலரும் நாடும் இடம் கரோல்பாக் கடைத்தெரு. அங்கே அகலமான சக்கரங்கள், கண்ணைப் பறிக்கும் விளக்குகள், உரத்த ஒலிபெருக்கிகள் எல்லாம் கிடைக்கும். காலையில் போன வண்டி மாலையில் வேறு வண்டியாகத் திரும்பி வருவதும் உண்டு. வண்டி மாறிவிட்டது, அதற்குரிய பத்திரங்கள் மாறினவா? இன்று நாம் ஆராயவேண்டிய கேள்வி இதுவே.

கார் உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் மூன்று பத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று, அரசு வழங்கும் பதிவுச் சான்றிதழ். இரண்டு, காப்பீட்டு நிறுவனம் தரும் பாலிசி. மூன்று, தயாரிப்பாளர் அளிக்கும் உத்தரவாதம், அதாவது வாரண்டி. விபத்தால் நேரும் சேதத்துக்குக் காப்பீடு பொறுப்பேற்கிறது. தயாரிப்பில் உள்ள குறைக்கு உத்தரவாதம் பொறுப்பேற்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். ஆயினும், இம்மூன்று பத்திரங்களுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டி எதுவோ, அதைப்பற்றியே இவை பேசுகின்றன.

முதலில் சட்டத்தைக் காண்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்கிறது. மாற்றம் என்பதற்கு அச்சட்டமே விளக்கமும் தருகிறது: வண்டியின் அடிப்படை இயல்பு வேறுபடும்படி அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாறுதலே அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வகை செய்தது. முன்புறத்தில் பொருத்தும் இரும்புத் தடுப்புக் கம்பிகளை அகற்றுமாறு, 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. ஆகவே, கடையில் விற்கப்படும் பொருளெல்லாம் சாலைக்கு ஏற்றதாகிவிடாது.

எனினும், மாற்றம் எல்லாமே குற்றமன்று. சென்னையில் வாங்கிய பெட்ரோல் வண்டியுடன் ஒரு குடும்பம் தில்லிக்குக் குடிபெயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவைக் குறைக்க எண்ணி, அவர்கள் சி.என்.ஜி. கருவியைப் பொருத்த விரும்புகிறார்கள். அங்கீகாரம் பெற்ற கருவியை, அங்கீகாரம் பெற்ற பட்டறையில் பொருத்தி, பதிவுச் சான்றிதழில் எரிபொருள் விவரத்தைத் திருத்திக்கொண்டால் சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் வேலை அத்துடன் முடிந்துவிடவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அறிவிக்கவேண்டும். 2002ஆம் ஆண்டின் மோட்டார் கட்டண விதிகளின்படி, வெளியே பொருத்தப்பட்ட கருவியின் மதிப்பில் 100க்கு 4 வீதம் கூடுதல் பிரிமியம் உண்டு. பிறருக்கு நேரும் தீங்குக்கான பொறுப்புக்கு மேலும் 60 ரூபாய். கருவியின் விலை 50,000 ரூபாய் என்றால், கூடுதல் பிரிமியம் 2,060 ரூபாய். 2007 முதல், சொந்தச் சேதத்துக்கான கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிப்பதால், இத்தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம். இந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்த எண்ணி மறைப்பவர், வண்டி தீப்பற்றினால் முழுத் தொகையையும் இழக்க நேரிடும்.

மாற்றத்தால் பிரிமியம் குறைவதும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கென வடிவமைக்கப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ, அவ்வாறே பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பெற்ற வண்டிக்கு, சொந்தச் சேதப் பிரிமியத்தில் பாதியைத் தள்ளுபடி செய்ய அதே விதிகள் இடமளித்தன. அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவிக்கும் 500 ரூபாய்க்கு மேற்படாத சிறு தள்ளுபடி உண்டு. ஆகவே, காப்பீட்டு நிறுவனம் மாற்றத்தைக் கண்டு வெகுண்டெழுவதில்லை. ஆபத்து கூடுகிறதா, குறைகிறதா என்றே அது கணக்கிடுகிறது. அந்தக் கணக்குக்கு வேண்டிய உண்மையை நாம் மறைப்பதே தவறு.

விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து வண்டியைப் பார்வையிடுவார். பாலிசியில் இல்லாத ஒலிபெருக்கிக்கும் சக்கரத்துக்கும் இழப்பீடு கிடைப்பது அரிது. மறைத்த மாற்றமே விபத்துக்குக் காரணமென்று தெரிந்தால் கோரிக்கை முழுவதுமே மறுக்கப்படலாம். விபத்தில் காயமுற்ற வழிப்போக்கருக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் ஆணையிடுவதும் உண்டு.

இனி உத்தரவாதத்துக்கு வருவோம். முன்விளக்குக்குச் சாதாரணமாக 60 வாட் பல்பு வரும். வெளிச்சம் போதவில்லையென்று சிலர் 100 வாட் பல்பை மாட்டுகிறார்கள். 12 வோல்ட்டில் 5 ஆம்பியராக இருந்த மின்னோட்டம் 8 ஆம்பியருக்கு மேல் ஏறுகிறது. மின்கம்பியில் தோன்றும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது. அந்த வெப்பத்துக்கென அமைக்கப்படாத கம்பி உருகினால், தயாரிப்பாளர் பொறுப்பேற்க மறுப்பதில் வியப்பென்ன? ஒலிபெருக்கிக்காகக் கம்பியை வெட்டி ஒட்டுவதும் இத்தகையதே. மூலக்கம்பியை வெட்டாமல், இணைப்பானைக் கொண்டு பொருத்துவதே நல்லது.

ஆனால், வெளியில் கைவைத்தால் உத்தரவாதமே போயிற்று என்று எவரேனும் மிரட்டினால் அஞ்சவேண்டியதில்லை. வெளிப்பட்டறையில் பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதையும் இரத்துச் செய்யலாகாது. தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே அதை மறுக்கலாம் என்று, 14 கார் நிறுவனங்கள் சம்பந்தப்பட்ட வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ஆணையிட்டது. அதன்மீது மேல்முறையீடுகள் தொடர்ந்தன. ஆயினும், மாற்றத்தைக் காட்டி உத்தரவாதம் மறுக்கப்படும்போதும், பழுதுக்கும் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பு என்னவென்று எழுத்துமூலம் கேட்பது நம் உரிமையாகும்.

மாநிலம் விட்டு மாநிலம் வாழும் நம்மவர்க்கு ஒரு வார்த்தை. வண்டி வேறொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் புதிய பதிவெண் பெறவேண்டும். அப்போது அதிகாரி சான்றிதழையும் வண்டியையும் ஒப்பிடுவார். எனவே, எதையும் பொருத்துமுன் சர்வீஸ் நிலையத்தைக் கேளுங்கள். சட்டம் கோரும் இடத்தில் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலைப் பெறுங்கள். பொருத்தியபின் ரசீதுடன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, மாற்றத்தைப் பாலிசியில் சேர்த்ததற்கான குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரின் வாய்மொழி, விபத்து நாளில் சாட்சி சொல்ல வராது.

சாலையில் ஓடும் வண்டியும் பத்திரத்தில் உள்ள வண்டியும் ஒன்றாகவே இருக்கட்டும்.